விடத் தெரிந்த பிடி

கோத்தகிரியிலிருந்து இறங்கும் மலைச்சாலை சமவெளியைத் தொட்டு மேட்டுப்பாளையத்துக்குள் நுழையும் வழியில் ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. மலையிறங்கிய வண்டிகள் கருகல் வாடையோடு வந்து அங்கே நிற்கும். ஒரு சனிக்கிழமை பிற்பகல் என் வண்டியும் அப்படித்தான் போய் நின்றது.

பட்டறைக்காரருக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். அவர் பானெட்டைத் திறக்கவில்லை, சாவியையும் கேட்கவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒவ்வொரு சக்கரத்தின் முன்னாலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புறங்கையைச் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி நீட்டினார். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றிப் பக்கம் போகிற கை மாதிரி இருந்தது அது. பின்னால் இரண்டும் இளஞ்சூடு. முன் வலது நல்ல சூடு. முன் இடதுக்குப் போன கை போன வேகத்திலேயே திரும்பி வந்தது.

"மலை இறங்குனா முன்சக்கரம் ரெண்டும் சுடத்தான் செய்யும் தம்பி. ரெண்டும் ஒண்ணு போல சுடணும். வலதுல இருக்கறது வேலை செஞ்ச சூடு. இடதுல இருக்கறது வதைபடற சூடு."

மூன்று மாதமாக எனக்குப் பிடிபடாத ஒன்று அந்த ஒரு வாக்கியத்தில் பாதி விளங்கிவிட்டது.

அந்த வண்டி அப்பாவுடையது. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் டீ மேக்கராக இருந்தபோது, ஏற்கெனவே ஓடிய வண்டியாக வாங்கினார். நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை போகக்கூடிய வண்டி. ஆடி மழையில் தோட்டத்துச் சாலை சேறாகிக் கிடக்கும்போது மற்ற வண்டிகள் நிற்கிற இடத்தில் அது ஏறிப் போகும். இப்போது அதற்கு 17 வயது. ஓய்வு பெற்றால் தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்பது தேயிலைத் தோட்டங்களின் நடைமுறை. 34 வருடம் குடியிருந்த வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு அப்பாவும் அம்மாவும் கோவையில் எங்களோடு வந்து சேர்ந்தார்கள். வண்டி என் கைக்கு வந்தது.

என் கைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே அதற்கு நோய் கண்டது. கொண்டை ஊசி வளைவில் திருப்பினால் அடிவயிற்றிலிருந்து 'கர்ர்' என்று ஒரு முனகல். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது போல வேகம் செத்துப்போகும். மலையிறங்கினால் கருகல் வாடை. மூன்றையும் ஒரே நோயின் மூன்று குறிகள் என்று எடுத்துக்கொண்டேன். வீல் பேரிங் போய்விட்டது என்று முதல் நாளே தீர்மானித்துவிட்டேன். நகரத்தில் ஒரு பட்டறையில் நான் சொன்னதை அவர்களும் மறுக்கவில்லை. ஒரு பக்கப் பேரிங்கை மாற்றினேன். முனகல் போகவில்லை. அப்படியானால் மறுபக்கம்தான் என்று அதையும் மாற்றினேன். கருகல் வாடைக்குக் கிளட்ச் காரணமாக இருக்கலாம் என்றார்கள், கிளட்ச் தட்டும் மாறியது. ஒவ்வொரு செலவுக்குப் பிறகும் இரண்டு நாள் சரியாகிவிட்டது போலவே இருக்கும். நாம் பணம் கொடுத்த பிறகு காது கொஞ்ச நாள் நமக்குச் சாதகமாகவே கேட்கிறது.

மேட்டுப்பாளையத்துப் பெரியவர் எதையும் கழற்றுவதற்கு முன் கேள்வியாகக் கேட்டார். முனகல் வளைவில் மட்டுமா, நேர்ச்சாலையிலுமா? காலையில் எடுத்த உடனேயா, ஓடிச் சூடான பிறகா? இழுவை, பிரேக் மிதிப்பதற்கு முன்னாலேயே இருக்கிறதா, நாலு தடவை மிதித்த பிறகு வருகிறதா? நான் சொல்லச் சொல்ல, நான் ஒன்றாகக் கட்டி வைத்திருந்த மூட்டை அவிழ்ந்தது. முனகல் இறுக்கமான வளைவில் மட்டும்தான். இழுவையும் வாடையும் பலமுறை பிரேக் மிதித்த பிறகுதான். ஒன்று வந்தபோது மற்றொன்று கட்டாயம் வந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"அப்ப இது ஒரு வியாதி இல்லீங்க, ரெண்டு. ரெண்டையும் தனித்தனியா பாப்போம்."

முன் இடது பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார். கியரை நியூட்ரலில் விட்டுக் கையால் சக்கரத்தைச் சுற்றினார். நகரவில்லை. இரண்டு கையாலும் தள்ளினால் முக்கிக்கொண்டு கால் சுற்றுச் சுற்றியது. காலிப்பரின் பின்பக்கம், பிரேக்கில் காற்று எடுப்பதற்கென்று இருக்கும் சின்ன நிப்பிளில் ஸ்பேனரை மாட்டி அரைத் திருகு தளர்த்தினார். காப்பி நிறத்தில் பிரேக் ஆயில் ஒரு முழ நீளத்துக்குப் பீச்சியடித்தது. அந்த நொடியிலேயே, ஒரு விரல் பட்டதும், சக்கரம் சுழன்றது.

அவர் அதன் பொருளை எனக்குச் சொன்னார். காலிப்பரைத் தாங்கும் ஆணி துருவேறி இறுகியிருந்தால், நிப்பிளைத் திறந்ததற்காகச் சக்கரம் விட்டுக்கொடுக்காது. திறந்ததும் விட்டது என்றால், உள்ளே அழுத்தம் சிறைப்பட்டிருந்தது. மாஸ்டர் சிலிண்டரில் கோளாறு என்றால் ஒரு சக்கரம் மட்டும் பிடிக்காது. மிச்சமிருப்பது அந்தச் சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் ஒன்றுதான். வெளியிலிருந்து பார்த்தால் அந்த ஹோஸில் ஒரு கீறல்கூட இல்லை. கழற்றிய பிறகு பிளேடால் நெடுக அறுத்து விரித்துக் காட்டினார். உட்சுவரின் ரப்பர் உரிந்து, தொண்டையில் உள்நாக்குத் தொங்குவது போல ஒரு துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. நாம் பிரேக்கை மிதிக்கும்போது ஆயில் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். காலை எடுத்த பிறகு திரும்பி வர முயலும்போது அந்த நாக்கே வாசலை அடைத்துக்கொள்ளும். போக வழி உண்டு, திரும்ப வழி இல்லை.

அன்று அவரிடம் கற்றுக்கொண்டதில் என்னை இன்னும் விடாமல் இருப்பது வேறொன்று. டிஸ்க் பிரேக்கைப் பிடிக்க வைப்பதற்கு எத்தனை ஏற்பாடு! காலின் பலம் இருக்கிறது, அதைப் பெருக்கிக் கொடுக்கப் பூஸ்டர் இருக்கிறது, அதைக் கொண்டுபோகக் குழாய் நிறைய ஆயில் இருக்கிறது, கடைசியில் பிஸ்டன் இருக்கிறது. ஆனால் விடுவதற்கு? பிஸ்டனைப் பின்னால் இழுக்கிற ஸ்பிரிங் ஒன்றும் உள்ளே இல்லை. பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. பிஸ்டன் முன்னே போகும்போது சீலும் சற்றே முறுக்கிக்கொண்டு வளைகிறது. அழுத்தம் நின்றதும் அது தன் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. திரும்பும்போது பிஸ்டனையும் கூடவே பின்னுக்குக் கொண்டுவருகிறது, ஒரு மில்லிமீட்டரில் ஒரு பங்கு தூரம். அவ்வளவுதான். பிடிப்பது பெரும்பலத்தின் வேலை. விடுவதோ ஒரு ரப்பர் வளையம் தன் பழைய நிலையை மறக்காமல் இருப்பதால் நடக்கிறது. அதனால் வயதான வண்டியில் பிடிக்கும் திறமை கெடுவதற்கு முன்னாலேயே விடும் திறமை கெடத் தொடங்கலாம்.

அந்தச் சிறு விடுதல் நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த மலைச்சாலையே கணக்குச் சொல்லும். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சத்தில். ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள வண்டி 33 கிலோமீட்டர் சாலையில் அந்த உயரத்தை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 70 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பங்கைக் காற்றும் சாலையும் எஞ்சினும் வாங்கிக்கொள்ளும். மற்றதெல்லாம் பிரேக் தட்டுகளில் சூடாக ஏறித்தான் வெளியேற வேண்டும். மிதித்து, விட்டு, காற்றில் ஆறவிட்டு, மறுபடி மிதிக்கும் சக்கரம் அதைத் தாங்கும். விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் சக்கரத்துக்கு ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது தரம். ஈரத்தை உறிஞ்சிப் பழசான ஆயிலுக்கு அந்த எல்லை 140 டிகிரியாக இறங்கிவிடும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பள்ளத்தில் விழுவது போலக் கீழே போகும். விட மறுத்த பிரேக், உண்மையில் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது.

அந்த மலையின் இன்னொரு முகத்தில் 1899 முதல் குன்னூருக்கு ஏறி இறங்கும் பல்சக்கர ரயிலைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று வருவார். சிறுவனாக இருந்தபோது அவர் பிடிப்பதை மட்டும் கவனித்தேன். அவர் வேலையில் பாதி தளர்த்துவது என்பது இப்போதுதான் புரிகிறது.

அடுத்து முனகல். பெரியவர் கேட்டது ஒரே கேள்வி. "இந்தச் சத்தம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கடைசியா வண்டிக்கு என்ன செஞ்சீங்க?"

யோசித்துப் பார்த்தேன். வண்டி கைக்கு வந்ததும் ஒரு சர்வீஸ் செய்திருந்தேன். பின்னால் இரண்டு புது டயர். பின் டிஃபரன்ஷியலில் புது எண்ணெய். இரண்டுமே நல்லதென்று நினைத்துச் செய்தவை. அவர் அடியில் படுத்து டிஃபரன்ஷியலின் திருகைத் திறந்து ஒரு சொட்டை விரலில் தேய்த்து முகர்ந்தார். "90 ஆயில் ஊத்தியிருக்காங்க. எல்லா வண்டிக்கும் அதான் ஊத்துவாங்க. இந்த வண்டி அதைக் குடிக்காதுங்க."

வளைவில் திரும்பும் வண்டியின் நான்கு சக்கரங்களும் நான்கு வெவ்வேறு வட்டங்களில் போகின்றன. இடது வலது சக்கரங்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் அகலம் உள்ள வண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் முழுதாகத் திரும்பினால், வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறத்தாழ 4.7 மீட்டர் அதிகம் உருள வேண்டும். வளைவு பெரிதோ சிறிதோ, அந்த வித்தியாசம் மாறாது. முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும்கூட ஒரே தூரம் போவதில்லை. இறுக்கமான வளைவில் முன் அச்சு பின் அச்சைவிட ஒன்றரை மீட்டருக்கு மேல் கூடுதலாகப் போகும். இந்த வித்தியாசங்களுக்கெல்லாம் இடம்கொடுப்பதற்காகவே டிஃபரன்ஷியல் என்ற கருவி பிறந்தது. 1820களின் இறுதியில் பிரான்சில் ஒனேசிஃபோர் பெக்கர் என்ற கடிகாரக் கைவினைஞர் அதை நீராவி வண்டிக்காக வடிவமைத்தார். ஒரே விசையை இருவருக்கும் கொடுத்துவிட்டு, 'நீ உன் வேகத்தில் போ, நீ உன் வேகத்தில் வா' என்று அது விட்டுவிடுகிறது.

எங்கள் வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே அந்த வேலையைச் செய்வது பின் டிஃபரன்ஷியலின் எண்ணெயில் நனைந்த தட்டுகளின் அடுக்கு. முன்சக்கரம் சேற்றில் வழுக்கிப் பின்சக்கரத்தைவிட வேகமாகச் சுழன்றால் தட்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பின்சக்கரத்துக்கும் விசையைக் கடத்தும். வெறும் வளைவினால் வரும் சிறு வித்தியாசத்துக்கு அவை மெல்ல வழுக்கிக்கொடுக்க வேண்டும். பிடித்தாலும் வழுக்கினாலும் அதிராமல் இருப்பதற்கென்றே தனி எண்ணெய். சாதாரண கியர் ஆயிலில் அந்தத் தட்டுகள் ஒட்டி, பிய்த்துக்கொண்டு, மறுபடி ஒட்டும். அதுதான் நான் கேட்ட 'கர்ர்'.

இதோடு டயரும் சேர்ந்துகொண்டது. பின்னால் புது டயர், 8 மில்லிமீட்டர் பட்டன். முன்னால் 3 மில்லிமீட்டர் மிச்சமிருந்த பழைய டயர். அந்த 5 மில்லிமீட்டர் வித்தியாசத்தில், நேர்ச்சாலையிலேயே ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஏழு சுற்று முன்சக்கரம் கூடுதலாகச் சுழலும். வண்டிக்கு அது எப்படித் தெரியும்? முன்சக்கரம் வழுக்குகிறது என்றுதான் தெரியும். சேறே இல்லாத இடத்தில் சேறு இருப்பதாக நம்பி, உதவிக்குப் பாய்ந்து, இறுக்கிப் பிடித்துத் தன்னைத்தானே தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

எண்ணெயை வடித்து உரியதை ஊற்றினார். "மைதானத்துல ரெண்டு பக்கமும் எட்டுப் போட்டு ஓட்டிட்டு வாங்க, மறுபடி ஒரு தடவை வடிச்சுரலாம். டயரு நாலும் ஒரே தேய்மானத்துல இருக்கட்டும்." உரிமம் வாங்குவதற்கு எட்டுப் போட்ட நாளுக்குப் பிறகு அன்றுதான் மறுபடி எட்டுப் போட்டேன். நாலாவது எட்டில் முனகல் குறைந்தது. பத்தாவதில் இல்லை.

வீடு திரும்பும்போது இரண்டு நோய்களையும் மனத்தில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். ஒன்று பிரேக்கில், மற்றொன்று விசை கடத்தும் தட்டுகளில். இடம் வேறு, காரணம் வேறு. ஆனால் இரண்டிலும் பழுதானது பிடி அல்ல, விடுதல்தான். பிடியும் விடுதலும் சேர்ந்தே வந்த ஒரு பழைய கார் நினைவுக்கு வந்தது. 1966ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜென்சன் எஃப்.எஃப். என்ற கார் வந்தது. சாலைக்கென்றே செய்த கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் விசை கொடுத்த முதல் தயாரிப்பு என்று அதைச் சொல்வார்கள். அதே காரில்தான் சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளாதபடி பிரேக்கைக் கணத்துக்குக் கணம் விட்டு விட்டுப் பிடிக்கும் ஏற்பாடும் வந்தது. விமானச் சக்கரங்களுக்காகப் பிறந்த ஏற்பாடு அது. பிடிமானத்தைப் பெருக்க முனைந்தவர்கள், விடுவதற்கும் அதே வண்டியிலேயே ஒரு கருவியை வைத்தார்கள்.

அப்போது மூன்றாவதாக ஒரு நோயும் தெரிந்தது. அது என்னிடம் இருந்தது. பேரிங்தான் என்று முதல் நாள் பிடித்ததை மூன்று மாதம் நான் விடவில்லை. ஒரு பேரிங்கை மாற்றியும் சத்தம் போகாதபோது, 'அப்படியானால் பேரிங் இல்லை' என்று வந்திருக்க வேண்டியவன், 'அப்படியானால் அடுத்த பேரிங்' என்று போனேன். தமிழில் பிடிமானம் என்றால் நல்லது. அதே வேரிலிருந்து வந்த பிடிவாதம் எப்படிக் கெட்டதாயிற்று என்று அன்று விளங்கியது. விடத் தெரிந்த பிடி பிடிமானம். விடத் தெரியாதது பிடிவாதம்.

இந்த எண்ணம் வண்டியோடு நிற்கவில்லை. அப்பா கோவைக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அம்மா ஒரே மாதத்தில் கோயில், காய்கறிச் சந்தை, எதிர்வீட்டுச் சிநேகிதி என்று ஊரைத் தன்னுடையதாக்கிக்கொண்டாள். அப்பா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து இருட்டில் உட்கார்ந்திருப்பார். தொழிற்சாலையில் இலை வாட்டைப் பார்க்கப் போகிற நேரம் அது. போக இடமில்லை. "பார்க்குக்குப் போங்கப்பா, நாலு பேரோட பேசுங்க, மலையை மறந்துருங்க" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பதில் சொல்ல மாட்டார்.

நாங்கள் எல்லோரும் ஒரே வளைவில்தான் திரும்பினோம். நான் உட்சக்கரம். இருபது வருடமாகக் கோவைக்காரன், எனக்குத் திரும்ப வேண்டியதே அதிகமில்லை. அப்பா வெளிச்சக்கரம். 34 வருடத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியவர். என் மனைவியின் தூரத்தை நான் அளந்து பார்த்ததுகூட இல்லை. அவளுடைய சமையலறை ஒரே நாளில் இரண்டு பேருடையதாகியிருந்தது. நேர்ச்சாலையில் ஓடும்வரை எல்லோருக்கும் ஒரே தூரம்தான். வளைவில்தான் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு தூரம். எல்லோரும் என் வேகத்துக்கே வந்துவிட வேண்டும் என்று நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டின் முனகல் அதனால் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை ஏற்றிக்கொண்டு கோத்தகிரிக்குப் போனேன். வளைவுகளில் சத்தம் இல்லை. வழியில் நான் எதுவும் அறிவுரை சொல்லவில்லை. ஒரு திருப்பத்தில், பறித்த இலையைச் சாக்கில் கட்டி வைத்து லாரிக்குக் காத்திருந்தார்கள். அப்பா நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய் ஒரு கைப்பிடி இலையைக் கேட்டு வாங்கி வந்து முகர்ந்தார்.

"இலை சரியா வாடிருச்சான்னு எப்படிப்பா கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டேன். அந்தத் தோட்டத்திலேயே வளர்ந்தும் நான் அதுவரை கேட்காத கேள்வி.

அவர் இலையை உள்ளங்கையில் வைத்து அழுத்தி மூடினார். பிறகு மெல்ல விரல்களை விரித்தார். பச்சை இலைகள் சிலிர்த்துக்கொண்டு பிரிந்து விரிந்தன. "இது இப்பத்தான் பறிச்சது, அதான் துள்ளுது. பக்குவமா வாடுன இலை, கையை விரிச்சாலும் உருண்டையா அப்படியே இருக்கும். எந்திரம் எல்லாம் அப்புறம்தான். முப்பது வருசம் இந்தக் கையிலதான் பார்த்தேன்." மறுபடி மூடினார், மறுபடி விரித்தார். "பிடிச்சிருக்கறப்ப ஒண்ணும் தெரியாதுடா. விட்டாத்தான் தெரியும்."

ஆறு மாதத்தில் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது. அதற்குப் பிறகு கோத்தகிரி வரும்வரை அவர் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை. எந்தெந்த வருடத்து மழை, எந்த இரவில் வாட்டு தப்பியது, யார் கைப்பக்குவம் எப்படி என்று தன் வெளிவட்டத்தின் தூரத்தை அவர் தன் வேகத்தில் உருண்டுகொண்டிருந்தார்.

பட்டறைப் பெரியவரும் அப்படி விட்டுத்தான் பார்த்திருந்தார். நிப்பிளைத் தளர்த்திவிட்டு, சக்கரம் தானாகச் சுழல்கிறதா என்று பார்த்தார். ஒரு பிடி நல்ல பிடியா என்பதற்கு எனக்குத் தெரிந்து வேறு சோதனை கிடையாது. வண்டியோ, கருத்தோ, பாசமோ, விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

தேயிலைக் காட்டுக்கு நடுவே சாலை சற்றுச் சரிந்த ஓரிடத்தில் அப்பா இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து ஏறினார். "போலாம்டா" என்றார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். நான்கு சக்கரங்களும் ஓசையில்லாமல் உருளத் தொடங்கின.